பாசிமணி, பொத்தான், கடல்நாய்த் தோல்: வட அமெரிக்கப் பூர்வகுடி ஆடைக்கலை குறித்து வாசகர் கேள்விகள்

தம் சமூகத்தின் மரபான வேலைப்பாடுகளை இன்றைய மேலங்கி, காலணி, கைப்பை ஆகியவற்றுக்குக் கொண்டுவந்திருக்கும் வட அமெரிக்கப் பூர்வகுடி வடிவமைப்பாளர்கள் சிலரைச் சென்ற இதழில் அறிமுகம் செய்திருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: குதிகால் உயர்ந்த பாரிஸ் காலணியின்மேல் பாசிமணி தைத்ததை மரபுக்கலை என்று எழுதியிருந்தீர்கள். முன்னோர் செய்ததை மாற்றாமல் செய்வதுதானே மரபு? இது மேல்நாட்டுப் பொருளுக்குப் போட்ட அலங்காரமாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.
(வாசகர், மதுரை)

பதில்: அந்தக் காலணிகளைச் செய்தவர் ஜேமி ஒகூமா. லூயிசேனோ, ஷோஷோன்-பேனக் மரபுகளைச் சேர்ந்த அவர், கலிபோர்னியாவில் தம் மக்களுக்குரிய லா ஹோயா நிலப்பகுதியில் வாழ்ந்துகொண்டே தொழில் செய்கிறார். கிறிஸ்தியான் லூபூத்தான் வடிவமைத்த தோல் காலணிகளின்மேல் கண்ணாடிப் பாசிமணி, முள்ளம்பன்றி முள், வெள்ளிக் கூம்பு, மான்தோல் ஆகியவற்றைக் கையாலேயே தைத்து 2012-இல் அவர் உருவாக்கிய இணை ஒன்று இன்று மினியாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாறாததே மரபு என்ற எண்ணத்துக்கு இந்த மக்களின் ஆடை வரலாறு இடம் கொடுப்பதில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகள் என்றதும் நம் மனத்தில் எழும் அந்தப் பாசிமணி வேலைப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெனிஸ் நகரத்திலும் பொஹீமியாவிலும் செய்யப்பட்ட கண்ணாடி மணிகள், விலங்குத்தோல் வாங்க வந்த ஐரோப்பிய வணிகர்கள் வழியாக அவர்களிடம் வந்து சேர்ந்தவை. அதற்கு முன் அங்கிருந்த பெண்கள் முள்ளம்பன்றியின் முட்களை ஊறவைத்து, பல்லால் தட்டையாக்கி, தாவரச் சாயமேற்றி, தோலின்மேல் மடித்து மடித்துத் தைத்துவந்தார்கள். அந்த வேலையில் பல தலைமுறையாகத் தேர்ந்திருந்த கைகளுக்குத்தான் மணிகள் கிடைத்தன. கிடைத்ததும் ஒவ்வொரு சமூகமும் தனக்கேயுரிய நிறச் சேர்க்கையையும் உருவங்களையும் அதில் வளர்த்துக்கொண்டது. அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த மிளகாய் நம் சமையலில் கலந்தபின் அதை அயல் சரக்கென்று நாம் எண்ணுவதில்லை அல்லவா? மணியும் அவர்களுக்கு அப்படித்தான்.

இன்னொரு சான்றும் உண்டு. 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயை ஒட்டிய காலத்தில் ஓஜிப்வே மக்களிடையே ஜிங்கிள் உடை தோன்றியது. நோயுற்ற ஒரு சிறுமியைக் காக்கும் வழி தேடிய பெரியவரின் கனவில் அந்த உடை காட்டப்பட்டது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. மினசோட்டாவின் மில் லாக்ஸ் சமூகமும் ஒண்டாரியோவின் வைட்ஃபிஷ் பே சமூகமும் அந்தப் பெரியவர் தங்களைச் சேர்ந்தவரே என்கின்றன. புகையிலைப் பொடி டப்பாக்களின் தகர மூடிகளைக் கூம்பாகச் சுருட்டி உடை முழுவதும் வரிசையாகத் தைத்தார்கள். ஆடும்போது அந்தக் கூம்புகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஒலியே நோய் தீர்க்கும் வேண்டுதலாயிற்று. கடையில் வாங்கிய டப்பாவின் மூடி என்பதற்காக அந்த உடையின் புனிதத்தை யாரும் குறைத்து மதிப்பதில்லை.

பட்டு ரிப்பன்களும் வணிகத்தில் வந்தவையே. 2021 மார்ச் மாதத்தில் லகூனா பெப்லோ சமூகத்தவரான டெப் ஹாலண்ட், அமெரிக்க உள்துறைச் செயலராகப் பதவியேற்றபோது, க்ரீ மரபைச் சேர்ந்த ஆக்னஸ் வுட்வர்ட் ரிப்பன்களை வரிசையாக வைத்துத் தைத்த மரபான ரிப்பன் பாவாடையை அணிந்திருந்தார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பூர்வகுடியினர் அவர். ஆகவே ஒகூமா காலணியில் மணி தைத்ததை நான் அலங்காரமாகப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வரும் பொருளைத் தன் கையறிவுக்குள் கொண்டுவருவது அவருடைய பாட்டிமார் செய்துவந்த வேலைதான்.

கேள்வி: நான் ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவி. ஹைடா மக்களின் சித்திரங்களை நவீன மேலங்கிகளில் பொருத்துவது எப்படி? அது வெறும் அச்சு வேலையா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹைடா க்வாய் தீவுகளும் அலாஸ்காவின் தென்பகுதியும் ஹைடா மக்களின் தாயகம். அவர்களுடைய சித்திரத்தின் உயிர், தடித்துப் பருத்து மெலிந்து, எங்கும் அறுபடாமல் ஓடும் ஒரு கோட்டில் இருக்கிறது. மூலை மழுங்கிய நீள்வட்டமும் 'ப'வைப் போல ஒரு புறம் திறந்த வளைவும் அதன் அடிப்படை உறுப்புகள். காகம், கழுகு, ஓநாய், திமிங்கிலம் ஆகிய எல்லா உயிர்களும் இந்தச் சில உறுப்புகளிலிருந்தே உருவாகின்றன. கோட்டின் பருமன் ஓரிடத்தில் தவறினாலும் பழகிய கண்ணுக்கு உருவம் குலைந்துவிடும்.

இந்தச் சித்திரம் துணியில் ஏறியது பொத்தான் போர்வையின் வழியாக. கருநீலக் கம்பளிப் போர்வையில் சிவப்புத் துணியால் குலச்சின்னத்தை வெட்டி ஒட்டுத்தையலிட்டு, அதன் விளிம்பெல்லாம் முத்துச்சிப்பிப் பொத்தான்களை நெருக்கமாக வைத்துத் தைப்பார்கள். அணிந்தவர் திரும்பி ஆடும்போது முதுகில் அவருடைய குலம் இன்னதென்று சபையோர் பார்ப்பார்கள். இத்தகைய போர்வைகள் அணியப்பட்ட பெருவிருந்துச் சடங்கையே கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடை செய்திருந்தது. அண்டைச் சமூகமான க்வாக்வாக்கவாக்வ மக்கள் 1921-இல் தடையை மீறி நடத்திய விழாவுக்குப் பிறகு, முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டன. பலர் சிறைக்குச் சென்றனர். இன்று பேஷன் மேடையில் நாம் காணும் ஒரு கோட்டுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. இதை அறியாமல் அதன் அழகை மட்டும் பேசுவது எனக்கு இயலவில்லை.

டோரதி கிராண்ட் சடங்குப் போர்வைகளைத் தைத்துத் தேர்ந்தவர். பிறகு வான்கூவரில் ஆடை வடிவமைப்பு பயின்று, 1989-இல் 'ஃபீஸ்ட்வேர்' என்ற பெயரில் தம் ஆடை வரிசையைத் தொடங்கினார். ஹைடா ஓவியரும் சிற்பியுமான ராபர்ட் டேவிட்சனின் சித்திரங்கள் அவருடைய தொடக்க கால ஆடைகளில் இடம்பெற்றன. நீங்கள் மாணவி என்பதால் இதன் தொழில்நுட்பச் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். போர்வை ஒரே தட்டையான பரப்பு. கோட்டுக்கோ தோள் வளைவு, கைக்குழி, இடுப்பு மடிப்பு, முன்பக்கத் திறப்பு எல்லாம் உண்டு. அறுபடக்கூடாத கோட்டைத் தையல் மூட்டு வெட்டிச் செல்லும். எனவே ஆடையை முதலில் வெட்டிவிட்டுச் சித்திரத்தைப் பிறகு ஒட்டுவது என்ற வழக்கமான முறை இங்கே உதவாது. சித்திரம் எங்கே திரும்ப வேண்டும், மூட்டு எங்கே விழ வேண்டும் என்பவற்றை ஒரே நேரத்தில் தீர்மானித்துத்தான் துணியில் கத்தரி வைக்க முடியும். அச்சிட்டால் வேலை எளிது. ஆனால் ஒட்டுத்தையல் தரும் மேடும் நிழலும் அச்சில் வராது.

கேள்வி: இத்துறையில் முன்னோடி என்று யாரைச் சொல்லலாம்?
(வாசகர், சேலம்)

பதில்: லாயிட் கீவா நியூ அவர்களைச் சொல்வேன். ஓக்லஹோமாவில் 1916-இல் பிறந்த செரோக்கி மரபினர். சிகாகோ கலைக் கழகத்தில் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பியபின் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் கடை வைத்தார். நவஹோ மருத்துவர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் தோல் பையின் சாயலில் அவர் செய்த கைப்பைகள் அமெரிக்கச் செல்வந்தப் பெண்களிடையே மிகுந்த விருப்பத்தைப் பெற்றன. தம் தொழில் உச்சத்தில் இருந்தபோது அவர் கற்பித்தலுக்குத் திரும்பினார் என்பதே அவரைப் பற்றி நான் மிகவும் போற்றும் செய்தி. 1962-இல் சாண்டா ஃபே நகரில் தொடங்கிய அமெரிக்கப் பூர்வகுடிக் கலைக் கல்லூரியை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 2002-இல் மறைந்தார்.

கேள்வி: டொராண்டோவில் பல ஆண்டுகளாகக் குளிர்கால பார்க்கா அணிந்துவருகிறோம். அது இன்யூட் மக்களின் கண்டுபிடிப்பு என்று உங்கள் கட்டுரையில்தான் படித்தேன். அவர்களுக்கு அதனால் ஏதாவது கிடைத்ததா?
(வாசகர், டொராண்டோ)

பதில்: நீண்ட காலம் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே நேரான விடை. குல்லாவுடன் கூடிய தோல் மேலங்கியை ஆர்க்டிக் குளிருக்கு ஏற்ப வடித்தெடுத்தவர்கள் இன்யூட் பெண்கள். அதில் மிக நுட்பமானது தாய்மார் அணியும் அமௌத்தி. அதன் முதுகுப் பகுதியில் குழந்தை அமரும் பை இருக்கும். தாயின் உடற்சூடு குழந்தைக்கு நேரே சேரும். தோள்களை வேண்டுமென்றே அகலமாக வெட்டுவார்கள். பாலூட்ட வேண்டும்போது குழந்தையை வெளிக்காற்றுக்குக் காட்டாமல், உடைக்குள்ளேயே முன்பக்கம் திருப்பிக்கொள்ள அந்த அகலம் உதவுகிறது. இடுப்பில் கட்டும் கயிறு குழந்தை நழுவாமல் தாங்குகிறது.

1999-இல் நியூயார்க்கின் டோனா கேரன் நிறுவனத்துக்காக ஒருவர் ஆர்க்டிக் ஊர்களுக்கு வந்து பழைய அமௌத்திகளை வாங்கிச் செல்வது தெரிந்ததும், பாக்டூட்டிட் என்ற இன்யூட் பெண்கள் அமைப்பு எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. அந்த வடிவங்கள் சந்தைக்கு வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2019-இல், கனடா கூஸ் நிறுவனம் 14 இன்யூட் தையற்கலைஞர்களிடம் துணியைக் கொடுத்து, தத்தம் மரபின்படி பார்க்கா செய்யச் சொன்னது. வடிவங்களின் உரிமை செய்தவர்களிடமே இருந்தது. விற்பனைத் தொகை இன்யூட் மக்களின் தேசிய அமைப்புக்குச் சென்றது. அதன் தொடர்ச்சியாக 2022-இல் ராங்கின் இன்லெட் ஊரைச் சேர்ந்த விக்டோரியா ககுக்தின்னிக் அந்நிறுவனத்துக்கு ஒரு முழு வரிசையை வடிவமைத்தார்.

ககுக்தின்னிக் தம் சொந்தப் பெயரில் செய்யும் மேலங்கிகளில் கடல்நாய்த் தோலைப் பயன்படுத்துகிறார். இதைக் கேட்டதும் பலருக்கு மனம் சுருங்குகிறது என்பதை அறிவேன். கடல்நாய் அம்மக்களின் உணவு. இறைச்சியை உண்டபின் தோலையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள். வெள்ளை மயிர்க் குட்டிகளின் தோலை ஐரோப்பியச் சமூகம் 1983-இல் தடை செய்தபோது, அந்தக் குட்டிகளை வேட்டையாடாத இன்யூட் மக்களின் சந்தையும் சேர்ந்தே சரிந்தது. 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தடை இன்யூட்களுக்கு விலக்கு அளித்திருந்தாலும், பயந்துபோன வணிகர்கள் எளிதில் திரும்பி வரவில்லை. அமெரிக்காவோ 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி கடல்நாய்ப் பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கிறது. வடதுருவ ஊரில் அமர்ந்து தைக்கும் ஒரு பெண்ணின் தொழிலை, அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல், தொலைவிலுள்ள நகரங்களின் இரக்கம் நசுக்கியது. அந்த இரக்கம் உண்மையானதுதான். அதன் விலையை வேறொருவர் கொடுத்தார் என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் வடிவங்களைத் திருடினால் சட்டம் காப்பாற்றாதா?
(சட்ட மாணவர், திருச்சி)

பதில்: ஓரளவுக்குக் காப்பாற்றும். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பூர்வகுடியினர் செய்யாத கைவினைப் பொருளை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்பதைக் குற்றமாக்கியது. தனிநபர் முதல் முறை பிடிபட்டாலே 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் இது பெயரைக் காக்கும் சட்டம். வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சமூகத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டால் இதன் கை எட்டாது.

பெயர் தொடர்பான வழக்குகளில் முதலில் படிக்க வேண்டியது நவஹோ தேசம் 2012-இல் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் மீது தொடர்ந்தது. நவஹோ என்ற பெயர் 1943 முதலே வணிகக்குறியாகப் பதிவாகியிருந்தும், உள்ளாடைக்கும் மதுக்குப்பிக்கும்கூட அந்நிறுவனம் அதைச் சூட்டி விற்றது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கு 2016-இல் சமரசத்தில் முடிந்து, உரிம ஒப்பந்தமாக மாறியது. வடிவம் தொடர்பாக 2020-இல் நடந்த இன்னொரு வழக்கு, சட்டம் படிக்கும் உங்களுக்கு இன்னும் சுவையாக இருக்கும். அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கான சீலாஸ்கா மரபுரிமை நிறுவனம், அம்மக்களின் ராவன்ஸ்டெய்ல் என்ற பழம் நெசவு முறையின் பெயரில் 2,555 டாலருக்கு மேலங்கி விற்றதற்காக நெய்மன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பெயரை மட்டுமல்லாமல், மறைந்த நெசவுக்கலைஞர் கிளாரிசா ரிசால் நெய்த ஓர் அங்கியின் பதிப்புரிமையையும் அது முன்வைத்தது. 2021-இல் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன.

குறிப்பிட்ட ஒரு கலைஞர் இருந்ததால்தான் அங்கே பதிப்புரிமையைப் பேச முடிந்தது. பல தலைமுறைகளின் பொதுச் சொத்தான வடிவத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. காலக்கெடு உள்ள பதிப்புரிமை அதற்குப் பொருந்துவதும் இல்லை. 2015-இல் லண்டனின் கேடிஇசட் நிறுவனம், ஆவா என்ற இன்யூட் ஞானியின் பார்க்காவை அப்படியே நகலெடுத்து 700 டாலருக்கு மேல் விற்றது. நீரில் மூழ்கிச் சாகாமல் தம்மைக் காக்க அவர் கனவில் கண்டு செய்வித்த உடை அது. அவருடைய கொள்ளுப்பேத்தி வானொலியில் பேசியபிறகே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஆடையைத் திரும்பப் பெற்றது. அங்கே வேலை செய்தது சட்டத்தைவிட ஒரு பெண்ணின் குரல்.

கூட்டுரிமையைச் சட்டமாக்கிய நாடும் உண்டு. பனாமா 2000-ஆம் ஆண்டிலேயே பூர்வகுடிகளின் கூட்டுரிமையைப் பதிவு செய்யும் சட்டத்தை இயற்றியது. பல அடுக்குத் துணிகளை வெட்டி மடித்துத் தைக்கும் குனா பெண்களின் மோலா வேலைப்பாடு அச்சட்டத்தின் காப்பில் வருகிறது. அந்த வடிவத்தைக் காலணியில் இட்ட நைக்கி நிறுவனம், 2019-இல் குனா தலைவர்கள் எதிர்த்ததும் விற்பனைக்கு முன்பே பின்வாங்கியது. இந்தியச் சட்ட மாணவர்கள் பனாமாவின் சட்டத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அந்தச் சமூகத்தைச் சேராத நான் இவற்றை வாங்கி அணிவது தவறா?
(வாசகி, சென்னை)

பதில்: விற்பனைக்கென்று அவர்களே செய்ததை அவர்களிடமே வாங்கி அணிவதில் தவறில்லை, வடிவமைப்பாளர்கள் விரும்புவதும் அதையே. ஒகூமா தம் வடிவங்களை அச்சிட்ட சாதாரண உடைகளையும் விற்கிறார். சியாட்டில் நகரின் எய்த்த் ஜெனரேஷன் நிறுவனம் கம்பளிப் போர்வைகளைப் பூர்வகுடிக் கலைஞர்களின் வடிவத்தில் செய்கிறது; 2019 முதல் ஸ்னோக்வால்மி சமூகமே அதன் உரிமையாளர். விலை கூடுதலாகத் தோன்றினால், ஒவ்வொரு மணியையும் ஊசியால் எடுத்துத் தைத்தவரின் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

அணியக்கூடாதவையும் இருக்கின்றன. சமவெளிச் சமூகங்களின் கழுகிறகுத் தலையணி, செயலால் ஈட்டிய மதிப்புக்கு அளிக்கப்படுவது. 2012-இல் விக்டோரியாஸ் சீக்ரெட் தன் உள்ளாடை அணிவகுப்பில் அதை ஒரு மாடலின் தலையில் சூட்டி, பின்னர் மன்னிப்புக் கேட்டது. ஹைடா குலச்சின்னமும் உரிமையுள்ள குடும்பத்துக்கே உரியது. ஐயம் இருந்தால் செய்தவரிடமே கேளுங்கள். அவர்கள் மகிழ்ந்து விளக்குவார்கள்.

கேள்வி: எங்கள் நீலகிரியின் தோடர் பூத்தையலும் இப்படி வளருமா? இயந்திரத்தில் செய்த போலிகளைத்தான் கடைகளில் பார்க்கிறோம்.
(வாசகி, கோத்தகிரி)

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மிகவும் வேண்டியிருந்தது. தோடர் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. நவஹோ வழக்கைப் போலவே இங்கும் காக்கப்படுவது பெயர். இயந்திரத் தையலைத் 'தோடர் பூத்தையல்' என்று விற்றால் தடுக்கலாம், வேறு பெயரில் விற்றால் தடுப்பது கடினம். ஆகவே வாங்குவோரின் கண்ணும் பழக வேண்டும். துணியை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டமும் வரைபடமும் இல்லாமல், வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை விரலாலேயே எண்ணி, சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் தோடப் பெண்கள் தைக்கிறார்கள். துணியின் அடிப்பக்கத்தில் நூல் மேடிட்டு நிற்கும் முகமே அவர்களுக்கு வெளிமுகம். பூத்துக்குளி என்ற அந்தப் போர்வை வாழும்போது விழாக்களில் அணியப்படுகிறது. இறந்தவரின் உடலுக்கும் அதையே போர்த்துகிறார்கள்.

இன்று கைப்பை, சால்வை, மேசை விரிப்பு என்று அவர்களின் வேலை விரிந்திருக்கிறது. ஆனால் என்ன செய்வது, எந்த வடிவத்தைச் சந்தைக்கு அனுப்புவது, எதைச் சடங்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்ற முடிவுகளைப் பெரும்பாலும் வெளியிலிருந்து கேட்டு வாங்குவோரின் தேவை தீர்மானிக்கிறது. டோரதி கிராண்டும் ஒகூமாவும் அந்த முடிவுகளைத் தாங்களே எடுத்தார்கள். அந்த நிலை தோடப் பெண்களுக்கும் வர வேண்டும் என்று நெஞ்சார விரும்புகிறேன். ஆடை வடிவமைப்புக் கல்லூரிகள் நீலகிரிப் பெண்களைக் கூலிக்குத் தைப்பவர்களாகக் கருதாமல் மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டால் அதற்கு வழி பிறக்கும். உங்கள் பகுதியில் அப்படிப் படிக்க விரும்பும் பெண்கள் இருந்தால் எழுதுங்கள். கல்லூரிகளின் சேர்க்கை விவரங்களை இதழில் வெளியிட ஆசிரியர் குழு இசைந்திருக்கிறது.

கேள்வி: இவர்களின் ஆடைகளை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் பூர்வகுடிக் கலைச் சந்தைக்குப் போகலாம். 1922-இல் தொடங்கிய அந்தச் சந்தையில் 2014 முதல் ஆடை அணிவகுப்பும் நடக்கிறது. சிக்சிகா மரபைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் ஆம்பர்-டான் பேர் ரோப் அதைத் தொடங்கியவர். 2024 மே மாதத்தில் அங்கே முதன்முறையாகத் தனி ஆடை வாரமும் நடந்தது. கனடாவில் வான்கூவர் 2017-இலும் டொராண்டோ 2018-இலும் பூர்வகுடி ஆடை விழாக்களைத் தொடங்கின. அங்கே உறவினர் இருக்கும் வாசகர்கள் பயணத்தை அந்தத் தேதிகளை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம். அவ்விழாக்களில் வடிவமைப்பாளர்கள் தாங்களே நின்று விற்பதால், பாசிமணி கோத்தவரிடமே அதைப் பற்றிக் கேட்டறியலாம்.